கவுஸ் பாய் ஜீப்பை உயர்த்திய வருஷம்

பாப்பிரெட்டிப்பட்டியில் முகம்மது கவுஸைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரே குறையைத்தான் சொல்வார்கள். ஒரு பொருள் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால் அவனுக்குப் பொறுக்காது. அது ஏன் ஓடுகிறது என்று பிரித்துப் பார்த்தாக வேண்டும். அக்காவுக்குக் கல்யாணச் சீராக வாங்கி வைத்திருந்த தையல் மிஷினை, அவள் புருஷன் வீட்டுக்குப் புறப்படுவதற்குச் சில நாள் முன்பு பிரித்துப் பாயில் பரப்பிவிட்டான். எல்லாவற்றையும் திரும்ப மாட்டவும் செய்தான். மிஷின் தைத்தது. ஆனால் துணி முன்னால் நகர்வதற்குப் பதிலாகத் தைக்கிறவள் மடிக்கே திரும்பி வந்தது. அக்கா எதிர்ப்பக்கம் உட்கார்ந்து தைக்கப் பழகிக்கொண்டாள் என்பது கவுஸின் வாதம். அக்கா அதைக் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

பெரியவனான பிறகும் புத்தி மாறவில்லை. தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தது என்று காதில் விழுந்தால் பஸ் ஏறிப் போய்விடுவான். அடிபட்டவர்களைத் தூக்க ஆள் தேவையென்றால் முதல் ஆளாகத் தூக்குவான். அது முடிந்ததும், டிரைவர் தூங்கிவிட்டானா, முனி குறுக்கே வந்ததா என்று மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்க, இவன் வண்டிக்கு அடியில் தலையை நுழைத்து, முதலில் உடைந்தது எது என்று தேடுவான். கணவாய் அடிவாரத்தில் லாரிகளுக்கு வெல்டிங் வைக்கும் முனியப்பனோடு அவனுக்குச் சிநேகம் ஏற்பட்டது அப்படித்தான். இரண்டு பேரும் முதன்முதலில் பேசிக்கொண்டபோது ஒரே லாரிக்கு அடியில் எதிரெதிராகப் படுத்திருந்தார்கள்.

கவுஸின் மனைவி வஹிதா தருமபுரி டவுனில் வளர்ந்தவள். வாய் கொஞ்சம் நீளம். கல்யாணமாகி வந்த புதிதில் அக்கம்பக்கத்துப் பெண்கள் புருஷன் எப்படி என்று கேட்டதற்கு, "என்னையும் பிரிச்சுத்தான் பாத்திருப்பாருங்க. திருப்புளி வெக்கற எடம் தெரியல, அதான் வுட்டுட்டாரு" என்று சொன்னாள். அந்தப் பேச்சு சந்தைவரை போய்த் திரும்பி கவுஸின் காதுக்கே வந்தது. அவனுக்குக் கோபம் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் சரிதான் என்றான்.

வீட்டை நடத்தியது அவனுடைய அண்ணன் அப்துல் சுபான். கடைவீதியில் அவருக்கு ஒரு கடை. சித்தேரி மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்கு உப்பு, மண்ணெண்ணெய், கருவாடு, டயர் செருப்பு எல்லாம் அங்கே கிடைக்கும். மலையிலிருந்து வரும் புளி, கடுக்காய், சாமை எல்லாவற்றையும் அவர் வாங்கிக்கொள்வார். தம்பி கடையில் தனக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. கடைக்குத் துணை தேவை என்பது வெளியே சொல்லும் காரணம். தொப்பூர்ப் பக்கம் போகாமல் கண்ணெதிரில் இருப்பான் என்பது உள்ளே இருந்த காரணம். கவுஸுக்கோ கடையில் உட்கார்ந்தால் மூச்சு முட்டும். அங்கே பிரித்துப் பார்க்கிற மாதிரி இருந்தது தராசு ஒன்றுதான். அதை அவன் பன்னிரண்டு வயதிலேயே பார்த்து முடித்துவிட்டான்.

தருமபுரி தனி மாவட்டமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம் அது. பெங்களூரில் ராணுவம் கழித்துப்போட்ட ஜீப்புகளை ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அண்ணனை நச்சரித்து, கூடவே இழுத்துக்கொண்டு போய், கவுஸ் ஒரு ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்தான். அண்ணனுக்கு அவன் சொல்லியிருந்த நியாயம் கரடிக்கொட்டாய்ப் புளி. மலைமேல், ரோடு முடிந்த பிறகும் வண்டித்தடத்தில் வெகுதூரம் போனால் வருகிற சிற்றூர் கரடிக்கொட்டாய். அந்த ஊர்ப் புளி சதைப்பற்றானது. பழுப்பில் செம்மை தட்டும். அது கழுதைமேல் இறங்கி வேறொரு வியாபாரிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஜீப்பு மேலே போனால் அத்தனையும் நமக்கு என்றான் கவுஸ்.

ஜீப்பு போகவில்லை. ரோட்டில் ஓடியது, ஆற்று மணலில் ஓடியது, வண்டித்தடத்திலும் முக்கால் தூரம் ஏறியது. அதற்குமேல் தடத்துக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு பாறை படிபோல நிற்கிறது. முன்சக்கரங்கள் படியில் ஏறிவிட்டன. பின்சக்கரங்கள் ஏறுவதற்குள் ஜீப்பின் வயிறு பாறையில் உட்கார்ந்துவிட்டது. நாலு சக்கரமும் காற்றில் சுற்ற, ஜீப்பு கல்மேல் ஏறிய ஆமையைப்போலக் கிடந்தது. கழுதை ஓட்டிக்கொண்டு வந்தவர்கள் சிரித்துக்கொண்டே ஒதுங்கிப் போனார்கள். அவர்களே திரும்பி வந்து மூங்கில் கொடுத்து நெம்பி இறக்கியும் விட்டார்கள்.

அப்துல் சுபான் சத்தம் போடுகிற ஆள் இல்லை. கடையில் நாலு பேர் இருக்கும்போது தம்பியைக் கூப்பிட்டு நிதானமாகச் சொன்னார். பங்குனி முடிவதற்குள் கரடிக்கொட்டாய்க் கோயில் புளியமரத்தடியில் இந்த ஜீப்பு போய் நிற்க வேண்டும். நின்றால் வண்டி அவனுடையது, மலை வியாபாரமும் அவனுடையது. நிற்காவிட்டால், சேலத்திலிருந்து ஒருவர் ஜீப்பைக் கேட்டுக்கொண்டிருக்கிறார், அவருக்குக் கொடுத்துவிடுவது. அதற்குப் பிறகு கவுஸ் பேச்சில்லாமல் வந்து கடையில் உட்கார வேண்டும். கவுஸ் தலையாட்டினான். அப்போது மாசி பிறந்திருந்தது.

வயிறு இடிக்கிறது என்றால் வயிற்றைத் தூக்க வேண்டும். இது யாருக்கும் தெரியும். எப்படித் தூக்குவது என்பதுதான் கேள்வி. ஊரில் உயரம் கூட்டத் தெரிந்தவர் மாது ஆசாரி. மாட்டுவண்டி செய்கிறவர். வண்டி தாழ்வாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், அச்சுக்கும் மேல்சட்டத்துக்கும் நடுவே ஒரு கட்டையைக் கொடுப்பார். கட்டை எவ்வளவு கனமோ, வண்டி அவ்வளவு உயரும். கவுஸ் போய்ச் சொன்னதும் அவர் நேரில் வந்து ஜீப்புக்கு அடியில் குனிந்து பார்த்தார். அச்சு இருந்தது. பாரம் தாங்க, வில்போல வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங் இருந்தது. இரண்டுக்கும் நடுவே கட்டை கொடுத்தால் முடிந்தது வேலை என்றார். கருவேலங்கட்டையை நாலு துண்டாக அறுத்து, இழைத்து, எண்ணெய் ஊறவைத்துக் கொண்டுவந்தார்.

கவுஸ் ஜீப்பை ஜாக்கிபோட்டுத் தூக்கி, பட்டைகளை அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் போல்ட்டுகளைக் கழற்றி, கட்டைகளை நடுவில் வைத்து, நீளமான போல்ட்டுகளைப் போட்டு முறுக்கினான். வாசலில் வேடிக்கை பார்க்கச் சிலர் கூடியிருந்தார்கள். ஜாக்கி இறங்கியது. ஜீப்பும் இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. முன்பு இருந்த இடத்தில் நிற்காமல், அதற்கும் கீழே போய், கோழி அடைகாக்க உட்காருவதைப்போல உட்கார்ந்தது.

வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர், வண்டி தொழுகைக்குக் குனிகிறது போலிருக்கிறது என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாது ஆசாரி மட்டும் சிரிக்கவில்லை. அவர் கட்டைகளை ஒரு முறை, ஜீப்பை ஒரு முறை பார்த்தார்.

"பாயி, எங்க பாட்டன் காலத்துலருந்து கட்ட வெச்சா வண்டி மேல போவும். இது கீழ போவுது. இந்த வண்டியில என்னமோ கோளாறு இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

கவுஸுக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவன் முகத்தில் வேறு ஏதோ தெரிந்தது என்று வஹிதா பின்னால் சொல்வாள். பண்டிகைக்குப் புதுச்சட்டை கிடைத்த பிள்ளையின் முகம். ஏன் கீழே போனது? கட்டை அங்கேதான் இருக்கிறது. கட்டையின் கனமும் குறையவில்லை. சாயங்காலம் வரை அவன் ஜீப்புக்குப் பக்கத்தில் மண்ணில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தான். ஜீப்பு அவ்வளவு தாழ்ந்திருந்தது. அடியில் நுழையவே முடியவில்லை.

வஹிதா டீ கொண்டுவந்து வைத்தாள். டீ ஆறியது. அவளும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, குனிந்து, என்னதான் அப்படித் தெரிகிறது என்று கேட்டாள்.

அவன் காட்டினான். மாட்டுவண்டியில் அச்சு அடியில் இருக்கிறது. பாரம் அதன் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் கட்டை வைத்தால் பாரம் மேலே போகிறது. ஜீப்பில் அப்படி இல்லை. பட்டைகள் அச்சுக்கு அடியில் கட்டப்பட்டிருக்கின்றன. வண்டி அச்சின்மேல் உட்காரவில்லை. அச்சைப் பிடித்துத் தொங்குகிறது. நடுவில் கட்டை வைத்ததும் பட்டை இன்னும் கீழே தள்ளிப் போய்விட்டது. ஊஞ்சலுக்குக் கயிற்றை நீளமாக்கினால் பலகை தாழத்தானே செய்யும்?

வஹிதா கொஞ்சம் யோசித்தாள். "அப்ப பலகைய உத்தரத்துக்கு மேல தூக்கிப் போட்டுருங்க. தொங்காது" என்று கேலியாகச் சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

கவுஸ் எழுந்து உட்கார்ந்தான். தலை ஜீப்பின் விளிம்பில் இடித்தது. அதை அவன் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் தொப்பூர் போனான். அவன் சொன்னதை முனியப்பன் ஒரே தடவையில் புரிந்துகொண்டார். லாரியில் பட்டை அச்சின் தலைமேல்தான் இருக்கிறது. ஜீப்பையும் லாரிபோல ஆக்க வேண்டும், அவ்வளவுதானே என்றார். பட்டையின் கனம், அச்சின் கனம் இரண்டும் சேர்ந்து ஜீப்பு ஒரு சாண் அளவுக்கு உயரும் என்று கையாலேயே அளந்து காட்டினார். ஆனால் அச்சின் தலையில் பட்டை உட்கார மேடை கிடையாது. அதை இரும்பில் வெட்டி, வெல்டிங் வைத்து உண்டாக்க வேண்டும். கணவாயில் லாரி அதிகம் விழாத ஒரு வாரமாகப் பார்த்து வருகிறேன் என்றார். அப்படிப்பட்ட வாரம் வருவதற்குள் பங்குனி பிறந்து பாதி போய்விட்டது. சேலத்துக்காரர் ஒரு தடவை வந்து, ஜீப்பைச் சுற்றி நடந்து, டயரைக் காலால் உதைத்துப் பார்த்துவிட்டும் போனார்.

முனியப்பன் வெல்டிங்குக்கு வாயு உண்டாக்கும் கார்பைடு டிரம்மையும் குழாய்களையும் ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். வீட்டுக்குப் பின்னால் சுற்றுச்சுவர் வைத்த முற்றத்தில் வேலை தொடங்கியது. ஜீப்பின் சட்டத்தைக் கல் அடுக்கி நிறுத்தினார்கள். அச்சு தனியாகக் கீழே வந்தது. பட்டைகளை அதன் தலைக்கு மாற்றினார்கள். இரும்பு மேடைகளை முனியப்பன் முதலில் முழுதாக ஒட்டவில்லை. அங்கங்கே பொட்டு வைப்பதுபோல ஒரு சொட்டு மட்டும் வைத்தார். பிரேக் எண்ணெய் போகிற ரப்பர் குழாய்கள் எட்டவில்லை. நீளமான குழாய்களுக்காகக் கவுஸ் சேலத்துக்கு அலைந்தான்.

பின்அச்சில் ஒரு விவகாரம் வந்தது. கியர் பெட்டியிலிருந்து சுழலும் தண்டு ஒன்று பின்அச்சின் மூக்கில் வந்து சேர்கிறது. வண்டி உயர்ந்ததும் அந்தத் தண்டு செங்குத்தாக இறங்கியது. மூட்டில் கரகரவென்று சத்தம் வந்தது. அச்சைக் கொஞ்சம் உருட்டி, மூக்கைத் தண்டைப் பார்த்து நிமிர்த்தி வைத்தால் சத்தம் அடங்கும். எவ்வளவு நிமிர்த்துவது? தண்டுக்கு நேராகவே வைத்து ஒட்டிவிடலாம் என்றார் முனியப்பன். கவுஸுக்கு அதில் ஒரு சந்தேகம். நிற்கும்போது நேராக இருப்பது, ஓடும்போதும் நேராக இருக்குமா?

முனியப்பன் சிரித்தார். ஓடும்போது அடியில் படுத்து யார் பார்த்தது என்றார். பிறகு சாப்பாட்டுக்குக் கடைவீதிப் பக்கம் போனார்.

வண்டியை ஓட்டாமலேயே அதைப் பார்க்கக் கவுஸ் ஒரு வழி செய்தான். ஜீப்பின் முன்சக்கரங்களுக்கு எதிரே ஒரு பெரிய மரத்துண்டைப் போட்டு, அதைச் சுவரோடு முட்டுக்கொடுத்தான். வண்டி நகர முடியாது, ஆனால் நகரப் பார்க்கும். அச்சின் மூக்கில் ஓர் ஈர்க்குச்சியைக் கட்டினான். குச்சியின் நுனிக்கு நேராக ஒரு பலகையை நிறுத்தி, சுண்ணாம்பால் கோடு போட்டான். இனி ஒருவர் மேலே உட்கார்ந்து கியர் போட்டு, கிளச்சைக் கொஞ்சமாக விட வேண்டும். மற்றவர் கீழே படுத்துக் குச்சியைப் பார்க்க வேண்டும். முற்றத்தில் வேறு யாரும் இல்லை.

"நானா?" என்றாள் வஹிதா.

"கதவ சாத்திக்க. யாரும் பாக்க மாட்டாங்க."

"யாரு பாத்தா எனக்கென்ன. வண்டி செவுத்த இடிச்சிட்டு அந்தப் பக்கம் ஓட்டல்காரர் வூட்டுக்குள்ள போச்சுன்னா?"

ஏறி உட்கார அவளுக்கு ஒரு மணை தேவைப்பட்டது. எந்தக் காலில் எதை மிதிப்பது என்று அவன் சொல்லிக்கொடுத்தான். முதல் தடவை ஜீப்பு ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. இரண்டாவது தடவையும் அப்படியே. அடியிலிருந்து கவுஸ், சாதத்தில் கஞ்சி வடிக்கிற மாதிரி மெதுவாகக் காலை எடுக்கச் சொன்னான். நீங்கள் கஞ்சி வடித்ததை நான் பார்த்ததே இல்லையே என்றாள் அவள். ஆனாலும் மூன்றாவது தடவை சரியாக வந்தது. இன்ஜின் முக்கியது. ஜீப்பு மரத்துண்டை முட்டிக்கொண்டு நடுங்கியது. கீழே குச்சி அசைந்தது.

"போதும், போதும். வுட்டுரு."

அவன் வெளியே வரவில்லை. வஹிதா பயந்துபோய் இறங்கினாள். அவன் மல்லாந்து படுத்தபடி திறந்த வானத்தைப் பார்ப்பதுபோல ஜீப்பின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூக்கத் தூக்குது" என்றான். "சக்கரம் முன்னால போவப் பாக்குது, அச்சு பின்னால மல்லாரப் பாக்குது. கட்டவெரல் அகலம் மேல வருது."

"எங்க, நான் பாக்கறேன். நீங்க மேல போங்க."

அவன் மேலே போனான். வஹிதா கோணிச்சாக்கை விரித்து அடியில் படுத்தாள். இன்ஜின் முக்கியதும், மண்ணெண்ணெயும் கிரீஸும் மணக்கும் அந்த இருட்டில், அசையவே அசையாது என்று அவள் நினைத்திருந்த அந்தக் கனத்த இரும்பு, தூக்கத்தில் புரண்டு படுக்கிற ஆளைப்போல மெல்ல உருண்டு மூக்கை உயர்த்தியது. கிளச்சை மிதித்ததும் திரும்பப் படுத்தது. இன்னொரு தடவை என்று கேட்டாள். இன்னொரு தடவை. சாப்பிட்டுவிட்டு வந்த முனியப்பன் கதவைத் தட்டியபோது அவள் வெளியே வர மனமில்லாமல் வந்தாள். முக்காட்டில் எண்ணெய்ச் சொட்டு ஒன்று விழுந்திருந்தது. அது கடைசிவரை போகவில்லை. ஓட ஓட மூக்குத் தூக்கும், அதனால் கட்டைவிரல் அகலத்துக்குத் தாழ்த்தியே ஒட்ட வேண்டும் என்று முனியப்பனுக்கு எடுத்துச் சொன்னதும் அவள்தான். அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பொட்டுகளை உடைத்து, அவர்கள் சொன்னபடியே வைத்து, இந்தத் தடவை சுற்றிலும் முழுதாக ஒட்டினார்.

பங்குனி முடியச் சில நாட்களே இருக்கும்போது ஜீப்பு வெளியே வந்தது. ஊரே அண்ணாந்து பார்த்தது என்று சொன்னால் மிகை. ஆனால் குனிந்து பார்த்தது உண்மை. கோழிகள் நிமிர்ந்தபடியே அடியில் நடந்து போயின. அப்துல் சுபான் கண்ணால் பார்க்காமல் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டார். ஆகவே கடையைப் பூட்டிவிட்டு அவரே கூட வந்தார். ஏறும்போது தம்பி கைகொடுக்க வேண்டியிருந்தது. ஏறியதும் முன்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பிஸ்மில்லா சொன்னார். ரோடு முடிந்து வண்டித்தடம் தொடங்கியதும் மறுபடி சொன்னார். அதற்குப் பிறகு வாயை மூடவில்லை.

படிப்பாறை வந்தது. கவுஸ் இறங்கிப் போய்ப் பாறையைத் தடவிப் பார்த்தான். போன தடவை ஜீப்பின் வயிறு தேய்ந்த வெள்ளைத் தழும்பு இன்னும் இருந்தது. திரும்பி வந்து, கியரைத் தாழ்த்தி, மெதுவாக விட்டான். முன்சக்கரங்கள் ஏறின. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அடியில் எதுவும் இடிக்கவில்லை. பின்சக்கரங்கள் பாறையைத் தொட்டு, ஒரு நொடி யோசித்து, ஏறின. அண்ணன் கண்ணைத் திறந்தபோது பாறை பின்னால் இருந்தது. அவர் திரும்பித் திரும்பி அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கரடிக்கொட்டாய்க்குச் சற்று முன்னால் தடத்தின் ஓரம் ஆளுயரத்துக்கு ஒரு கல் நட்டிருந்தது. அதன் அடியில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. கல்லுக்கு அப்பால், கூப்பிடு தூரத்தில், கோயிலும் புளியமரமும் தெரிந்தன. கவுஸ் வேகத்தைக் குறைத்தான். இன்ஜின் சத்தம் கேட்டு ஊர்ச் சனம் முழுக்க வந்துவிட்டது. ஊர்க்கவுண்டர் பச்சியப்பனின் மனைவி நஞ்சம்மாள் தடத்தின் நடுவில் வந்து நின்று கையைக் காட்டினாள்.

"பாயி, இங்கயே நிக்கட்டுங்க. கல்லத் தாண்டி செருப்போட வரப்படாது."

அது கவுஸுக்குத் தெரியும். இறங்கிச் செருப்பைக் கழற்றிக் கல்லடியில் போட்டுவிட்டு மறுபடி ஏறப் போனான்.

"உங்க செருப்ப சொல்லலீங்க." நஞ்சம்மாள் ஜீப்பின் சக்கரத்தைக் காட்டினாள். "இது போட்டிருக்குதே, அதச் சொன்னேன்."

அப்துல் சுபானுக்குச் சிரிப்பு வந்தது. அது டயர், செருப்பு இல்லை என்று மேலிருந்தபடியே விளக்கினார். நஞ்சம்மாள் குனிந்து கல்லடியிலிருந்து ஒரு செருப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். ஜீப்பின் டயருக்குப் பக்கத்தில் வைத்துப் பிடித்தாள். அதே கறுப்பு. அதே வரி.

"இதும் டயருதானுங்களே. உங்க கடையில வாங்கினது. லாரி டயருல தெச்சது ஆத்தா, உன் பேரன் காலத்துக்கும் தேயாதுன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க. நீங்க சொல்லித்தான் இது டயருங்கறதே எங்களுக்குத் தெரியும்."

அப்துல் சுபான் கல்லடியில் கிடந்த வரிசையைப் பார்த்தார். அத்தனையும் அவர் கடையிலிருந்து போனவைதாம். தாடியைத் தடவினார். பச்சியப்பன் வந்து சேர்ந்தார். மரியாதையான மனிதர். வீட்டுக்கு வந்தவர்களை நிறுத்திவைப்பது அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் டயரும் செருப்பு என்றால் செருப்புதான். அதை நான் மாற்ற முடியாது என்றார்.

மரம் அதோ நிற்கிறது. அண்ணன் கடையில் நாலு பேர் எதிரில் சொன்ன மரம். இந்த இடத்தில் வேறு எவனாக இருந்தாலும் கெஞ்சியிருப்பான். அவனுக்கோ அந்த நேரத்திலும் ஒரு கேள்வி தொண்டையில் வந்து நின்றது.

"மாட்டுவண்டி வந்தா வுடுவீங்களா?"

கட்டைச் சக்கரம், இரும்புப் பட்டம் போட்டது, அது வரலாம் என்றார் பச்சியப்பன்.

"மாட்டுக்கு லாடம் அடிச்சிருந்தா?"

பச்சியப்பனை இப்படி யாரும் கேட்டதில்லை. லாடமும் காலில் போடுவதுதானே? கூட்டத்தில் ஒருவர் லாடம் செருப்பல்ல, நகம் மாதிரி என்றார். நகத்தை ஆணி வைத்தா அடிப்பார்கள் என்று இன்னொருவர் மடக்கினார். மலையில் லாடம் அடித்த மாடே இல்லை என்பது ஒருவர் கட்சி. அடிவாரத்திலிருந்து பெண் அழைக்க வந்த வண்டி மாடு லாடத்தோடு வந்து கோயில்வரை போனது, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று நஞ்சம்மாளே கேட்டாள். அந்தக் கல்யாணம் நன்றாகத்தானே நடந்தது, இல்லை, அவர்களுக்குப் பிள்ளை பிறக்க லேட்டானது என்று பேச்சு எங்கெங்கோ போயிற்று. கவுஸ் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து, ஒன்றையும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அவன் கேக்கறான்னு நீங்களும் பதில் சொல்லிக்கிட்டு நிக்கறீங்க" என்றார் அப்துல் சுபான். "இவனுக்கு இதாங்க வியாதி."

கூட்டம் சிரித்தது. சிரிப்பில் கொஞ்சம் இறுக்கம் தளர்ந்தது. போன தடவை பாறையில் மாட்டிக்கொண்ட வண்டி இதுதானா, எப்படித் தாண்டியது என்று பச்சியப்பன் கேட்டார். கவுஸ் அவரை அடியில் கூப்பிட்டுக் காட்டினான். ஊர்க்கவுண்டர் தலைப்பாகையை அவிழ்த்து மனைவியிடம் கொடுத்துவிட்டு உள்ளே நுழைந்தார். அங்கே இரண்டு ஆள் பக்கத்தில் பக்கத்தில் தாராளமாகப் படுக்கிற அளவுக்கு இடம் இருந்தது. கீழே தொங்கியதை மேலே உட்காரவைத்த கதையைக் கவுஸ் சொன்னான். கட்டை வைத்ததும் ஜீப்பு தாழ்ந்துபோனதையும் மறைக்கவில்லை. அந்த இடத்தில் பச்சியப்பன் சிரித்த சிரிப்பு வெளியே கேட்டது.

வெளியே வந்து மண்ணைத் தட்டிக்கொண்டு அவர் முடிவு சொன்னார்.

"செருப்பு வெளிய நிக்கட்டும். ஆளுங்க உள்ள வாங்க. புளி இங்க வரும். கூப்புடு தூரத்த எங்க பொம்பளைங்க ஒரு நடையில கொண்டாந்துருவாங்க. கழுதைக்குக் கூலி குடுத்துக் கீழ எறக்கறதுதான் எங்களால ஆவல."

அண்ணனும் தம்பியும் வெறுங்காலோடு புளியமரத்தடிக்குப் போய் மோர் குடித்தார்கள். கூடைகளில் புளி கல்லுக்கு வந்து சேர்ந்தது. மூட்டை ஏற ஏற ஜீப்பு கொஞ்சம் தாழ்ந்தது. ஆனாலும் பாறைக்குப் பயப்படுகிற அளவுக்கு இல்லை. பயம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. இறக்கத்தில் உயரமான வண்டி மேல்பாரத்தோடு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடியது. படிப்பாறைக்கு முன்னால் அப்துல் சுபான் நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார். தம்பியும் இறங்கி வந்துவிடுவான் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. அவன் இறங்கவில்லை. கடைசியில் அவரே பாறைக்குக் கீழே போய் நின்று, கையை ஆட்டி, கொஞ்சம் வலப்பக்கம், போதும், நேராக, நேராக என்று வழிகாட்டினார். ஜீப்பு இறங்கிச் சமதளத்தில் நின்றதும் அவர் மறுகையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வழிகாட்டிய கை இன்னும் காற்றிலேயே இருந்தது.

மறுபடி அவர் ஏறி உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் கவுஸுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே. மரத்தடியில நிக்கணும்னு சொன்னீங்க. கல்லுகிட்டதான் நின்னுச்சு."

"ஆமா."

"நாலு பேரு முன்னால சொன்னீங்க."

அப்துல் சுபான் அவனைத் திரும்பிப் பார்த்தார். "செருப்பு எங்க நிக்கணுமோ அங்கதானடா நின்னுச்சு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த சேலத்துக்காரர் வந்தா வேற வண்டி பாத்துக்கச் சொல்லிரு. இதுல ஏற அவருக்கு ஏணி வேணும்."

கவுஸ் ஸ்டியரிங்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி, விட்டு, பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி இடப்பக்கமாகவே போக ஆசைப்பட்டது. காலையில் ஏறும்போது அதற்கு இந்த ஆசை இல்லை. பாரத்தாலா? உயர்த்தியதில் ஸ்டியரிங் கம்பி சாய்ந்துபோனதாலா? பாரம்தான் என்றால் ஏன் இடப்பக்கம் மட்டும்? ரோடு தொடங்குகிற இடத்தில் ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்தான். ஒரு நிமிஷம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு இறங்கி அடியில் போய்ப் படுத்தான்.

அந்த நிமிஷம் நீண்டது. மூட்டைகளிலிருந்து புளி மணத்தது. அப்துல் சுபான் முன்கம்பியில் விரலால் தாளம் போட்டார். நிறுத்தினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காலால் துழாவித் துழாவி இறங்கி, முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்தார்.

"என்னாடா தெரியுது?" என்று கேட்டார்.